பதினான்கு பேர் பந்தி

அன்று மடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மடத்தை நடத்தும் நீலாயதாட்சி அம்மையார். சமையல் பொன்னுரங்கம். அவர் மனைவி செங்கமலம், பரிமாறுகிறவர். திருப்பூரிலிருந்து வந்திருந்த திருமேனி, அம்மையாரின் சீடர். ஐந்தாவது நான், இலைக் கணக்கு பார்ப்பவன். கொல்லையில் ஒரு பசு நின்றது. அதை எண்ணவில்லை.

பங்குனி உத்திரம். மலைக்கு நடந்து வரும் கூட்டம் விடியலிலிருந்தே தெருவில் போய்க்கொண்டிருந்தது. எதிரே பெரிய அன்னச் சத்திரம். அங்கே ஒரே நேரத்தில் எண்ணூறு பேர் உட்காரலாம். மடத்தில் அன்று நூற்றைம்பது பேருக்குச் சமையல். இலையும் நூற்றைம்பது.

திருமேனிக்கு ஐம்பத்திரண்டு வயது, அம்மையாருக்கு நாற்பத்தொன்று. இருந்தும் அவர் அம்மையாருக்கு முன்னால் உட்கார மாட்டார். அன்றும் நின்றுகொண்டேதான் கேட்டார்.

"அம்மா, சிறியவன் பெரியவனோடு போட்டி போட முடியுமா?"

"எந்தச் சிறியவன்?"

"நான்தான்."

திருமேனி இணையத்தில் ஓர் ஏலத் தளம் நடத்துகிறார். ஒருவர் ஒரு பொருளைப் படத்தோடு போடுவார். வேண்டியவர்கள் விலை கேட்பார்கள். நேரம் முடியும்போது அதிகம் கேட்டவருக்குப் பொருள். இதே வேலையைச் செய்யும் மிகப் பெரிய தளம் ஒன்று இருக்கிறது. நாடு முழுக்க அதைத்தான் திறக்கிறார்கள்.

"வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று விற்கிறவர்கள் அங்கே போகிறார்கள். விற்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று வாங்குகிறவர்களும் அங்கேயே போகிறார்கள். நான் எந்தப் பக்கத்திலிருந்து பிடித்து இழுப்பது?"

திருமேனி கால் மாற்றி நின்றார்.

"என் தளத்தை அவர்களே வாங்கி மூடிவிடுகிறார்களாம். இன்று நான்கு மணிக்கு ஃபோன் வரும். சரி என்று சொன்னால் ஏழு வருடம் போயிற்று. என்னோடு இருக்கும் ஆறு பேருக்கும் வேலை போயிற்று."

"உங்களிடம் என்னென்ன ஏலம் போகிறது?"

"எல்லாமும். அவர்களிடம் இருக்கும் அறுபத்து மூன்று பிரிவும் என்னிடமும் உண்டு."

"ஆள் வருகிறார்களா?"

"வருகிறார்கள், பார்க்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஒருவர்தான் விலை கேட்கிறார். இரண்டாவது ஆள் இல்லாமல் ஏலம் ஏது அம்மா?"

அம்மையார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை.

"இன்று பந்தி உங்கள் பொறுப்பு" என்றார்.

திருமேனி வேட்டியை மடித்துக் கட்டினார். பெரிய கூடத்தில் நான்கு வரிசை போட்டார். வரிசைக்கு முப்பது இலை. நூற்றிருபது இலையிலும் தண்ணீர் தெளித்து, உப்பு வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார்.

"சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார். நல்ல குரல் அவருக்கு.

ஒன்பது பேர் உள்ளே வந்தார்கள். இடம் நிறைய இருந்ததால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"முதலாளி, இவருக்கு ரசம் ஊத்திட்டு அந்த மூலையில இருக்கிறவர்கிட்ட போறதுக்குள்ள ரசம் ஆறிப்போகுது" என்றார் செங்கமலம்.

வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களை நான் எண்ணினேன். நாற்பத்தொரு பேர். "இன்னும் ஆரம்பிக்கலை போல" என்றார் ஒருவர். "சாப்பாடு நல்லா இருந்தா இப்படியா காலியா கிடக்கும்?" என்றார் இன்னொருவர். இருவரும் எதிரே போனார்கள்.

தெருக்காற்றில் பதினான்கு இலை கிழிந்தது. அவற்றைப் பசுவுக்குப் போட்டேன்.

திருமேனி கூடத்தின் நடுவில் நின்றார்.

"நாமும் வடை போடலாமா அம்மா?"

"அவங்க ரெண்டு வடை போடுறாங்க" என்றார் பொன்னுரங்கம் அடுப்படியிலிருந்து. "நீங்க மூணு போடச் சொன்னா நாளைக்கு அவங்க நாலு போடுவாங்க. நான் ஒரு ஆளு. அங்க இருபத்தாறு பேரு சமைக்கிறாங்க."

"இலைகளை எடுத்துவிடுங்கள்" என்றார் அம்மையார்.

நல்ல இலைகளை எடுத்துத் துடைத்து அடுக்கினேன். தொண்ணூற்றேழு. போடாமல் வைத்திருந்தது முப்பது. ஆக நூற்றிருபத்தேழு.

அம்மையார் திருமேனியை எதிரே கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். சத்திரத்தில் நீள நீளமாகத் தரையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. திருமேனி கதவோரம் நின்று உள்ளேயே பார்த்தார்.

"உள்ளே பார்த்தது போதும். வெளியே பாருங்கள்" என்றார் அம்மையார்.

சத்திரத்துச் சுவரில் சாய்ந்தபடி இருபத்து மூன்று பேர் நின்றார்கள். சிலர் கையில் பொட்டலம். சிலர் நின்றபடியே பிரித்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் காக்கி பேன்ட் போட்டிருந்தார், கையில் ஊன்றுகோல்.

"உள்ளே இடம் இல்லையா ஐயா?" என்று திருமேனி கேட்டார்.

"இடம் கிடக்கு. உட்கார்ந்தேன்னா தூக்கி விடத்தான் கிரேன் வேணும்" என்றார் அவர். "முட்டி ஆபரேஷன் ஆயிடுச்சு. முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டர். நின்னே பழகிட்டேன். சாப்பாடாவது உட்கார்ந்து சாப்பிடலாம்னு பார்த்தா, அதுவும் ஸ்டாண்டிங்தான்."

"சத்திரத்தில் சொல்லவில்லையா?"

"சொன்னேன். பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க? எண்ணூறு பேருக்கு நாற்காலி போட்டா இருநூறு பேருக்குத்தான் இடம் இருக்கும்."

திருமேனி அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் தெருவைக் கடந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

மடத்தில் முன்பு மாலைப் பள்ளி நடந்தது. அந்தக் காலத்துப் பெஞ்சும் டெஸ்க்கும் ஏழு ஜோடி, பின்கட்டில் கிடந்தன. ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர். அவற்றைத் தெருவைப் பார்த்த சின்ன அறைக்குக் கொண்டு வரச் சொன்னார் அம்மையார். திருமேனியும் நானும் தூக்கினோம்.

"இந்த ஏலத்தை முதலில் எதற்காக ஆரம்பித்தீர்கள்?" என்று வழியில் அம்மையார் கேட்டார்.

"பழைய பின்னல் மிஷினுக்காக அம்மா. பனியன் துணி பின்னுவது. பெரிய தளத்தில் மிஷின் என்று போட்டால் தையல் மிஷினும் வரும், மாவு மிஷினும் வரும். ஊசி நெருக்கம் என்ன கேஜ், உருளை எத்தனை இஞ்ச் என்று எழுத அங்கே இடமே கிடையாது. எங்கள் ஆட்களுக்கு அது தெரியாமல் விலை கேட்க முடியாது."

"அப்போது ஏலம் நடந்ததா?"

"நடந்தது. ஒரு மிஷினுக்குப் பதினைந்து பேர் கேட்பார்கள்."

"பிறகு?"

"பிறகு மற்ற அறுபத்திரண்டையும் சேர்த்தேன். அதில் மிஷின் எங்கே இருக்கிறது என்று எனக்கே தேட வேண்டியதாகிவிட்டது."

பெஞ்சு கனமாக இருந்தது. அவர் அதைக் கீழே வைக்காமல் சிறிது நேரம் நின்றார். மறுமுனையைப் பிடித்திருந்ததால் நானும் நின்றேன்.

அறையில் பதினான்கு இலை போட்டோம். ஜன்னல் இரண்டையும் அம்மையார் திறந்து வைத்தார். கண்டக்டரையும் சேர்த்து ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். திருமேனி சாதக் கூடையைத் தூக்கினார்.

"பதினான்கு ஆகட்டும்" என்றார் அம்மையார்.

"அம்மா, பசியோடு இருக்கிறார்கள். இவர்களும் எழுந்து போய்விட்டால்?"

"பதினான்கு ஆகட்டும்."

கண்டக்டர் சிரித்தார். "வண்டி ஃபுல்லானாத்தான் எடுப்பீங்களோ?"

"ஆமாம்" என்றார் அம்மையார்.

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"பெஞ்சு இருக்குது. எட்டு சீட்டுதான் காலி. முட்டி போனவங்க மட்டும் வாங்க."

எட்டு இடம் நிரம்பிற்று. மேலும் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். திருமேனி அவர்களைப் பார்த்துத் தயங்கினார்.

"அடுத்த பந்தி" என்று நான் சொன்னேன். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பழக்கமில்லை. ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான். நான்கு பேரும் நின்றார்கள். ஒருவர்கூடப் போகவில்லை.

முதல் பந்தி பதினொன்றரைக்கு ஆரம்பமாயிற்று. ஒரு பந்திக்கு இருபத்தைந்து நிமிடம். தெருவில் போனவர்களுக்கு ஜன்னல் வழியாக நிறைந்த அறைதான் தெரிந்தது. "இங்க என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

நான்காவது பந்தியில் திருமேனி அம்மையாரிடம் வந்தார்.

"அம்மா, இதில் ஆறு பேருக்குக் கால் நன்றாக இருக்கிறது. அந்தப் பையனைப் பாருங்கள், பெஞ்சைத் தாண்டிக் குதிக்கிறான். அவர்கள் எதிரேயே போகலாமே?"

"அவன் அப்பாவுக்கு முட்டி வலி."

"சரி."

"அப்பாவை இங்கே விட்டுவிட்டு அவன் மட்டும் எங்கே போவான்?"

திருமேனி போய் மோர் ஊற்றினார்.

ஐந்தாவது பந்தி போயிற்று. ஆறு, ஏழு, எட்டு. செங்கமலம் இடுப்பில் கை வைத்து நின்றார். "முதலாளி, இப்ப ரசம் சுடச்சுடப் போகுது. நாந்தான் ஆறிட்டேன்."

ஒன்பதாவது பந்திக்குப் பத்துப் பேர்தான் வந்திருந்தார்கள். இன்னும் நான்கு இடம். மணி இரண்டு ஐம்பது. கூட்டம் மலையேறத் தொடங்கிவிட்டது.

திருமேனி சாதக் கூடையைத் தொடவில்லை.

"பதினான்கு ஆகட்டும்" என்றார், யாரும் கேட்காமலே. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் உட்காருங்கள். பொன்னுரங்கம், செங்கமலம், நீங்களும் உட்காருங்கள். இலைக்காரரே, நீங்களும்தான்."

"நீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் பரிமாறுகிறேன்."

நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். திருமேனி தனியாகவே சாதம், சாம்பார், ரசம், மோர் எல்லாம் கொண்டு வந்தார். யாருடைய இலையிலும் எதுவும் ஆறவில்லை.

நான்கு மணிக்குச் சரியாக ஃபோன் வந்தது. அவர் கூடத்துக்குப் போய்ப் பேசினார். அறையிலிருந்தே கேட்டது.

"இல்லை, விற்கவில்லை... யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். வணக்கம்."

பிறகு அவரே திருப்பூருக்குப் போட்டார்.

"அறுபத்திரண்டு பிரிவையும் எடுத்துவிடு... ஆமாம், அறுபத்திரண்டு. பின்னல் மிஷின் மட்டும் இருக்கட்டும். தினமும் ஏலம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி, அது ஒன்றுதான்... பதினான்கு பேர் பெயர் கொடுக்கும்வரை ஆரம்பிக்காதே... ஏன் பதினான்கா? வந்து சொல்கிறேன்."

திரும்பி வந்து அம்மையாருக்கு முன்னால் நின்றார். கையில் இன்னும் மோர் வாடை.

"ஒன்று கேட்கலாமா அம்மா?"

"கேளுங்கள்."

"எதிரே இன்று எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள்?"

அம்மையார் ஜன்னலை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"தெரியாது. நாம் நம் இலையைத்தான் எண்ணினோம்."



அம்மையார் திருமேனிக்கு முன்னால் இருந்த பெஞ்சைத் துணியால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை மீதம்?"

அடுக்கு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"ஒன்று."