முப்பது வளையங்கள்

பேராசிரியர் சுகிர்தாவிடம் ஆராய்ச்சி செய்ய வந்த சீடர் திருமேனி, அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பழுத்த அறுவை மருத்துவர். கதைகளில் இது வழக்கமில்லை. மருத்துவக் கல்லூரிகளில் உண்டு.

ஒரு காலை அவர் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார்.

“டீனுக்கு மேடம். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.”

முந்தைய மாணவி இர்ஃபானாவின் ஆய்வேடு பொய், பட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றது கடிதம். செரடோனின் என்ற உடல் ரசாயனம் பட்டால் பன்றியின் இதயத் தமனி தளரும் என்று அவள் எழுதியிருந்தாள்.

“தமனியை வளையமா வெட்டி முப்பது தடவை செஞ்சு பார்த்தேன். முப்பதும் இறுகுச்சு. ஒண்ணாவது தளர வேணாமா?”

“முப்பது பேரும் ஒரே மாதிரி சாட்சி சொன்னா எனக்குச் சந்தேகம் வரும் சார். இப்ப ஒண்ணு வெட்டுங்க, பார்ப்போம்.”

திருமேனி ஒரு பன்றித் தமனியிலிருந்து ஒரு துண்டை மோதிரம்போல் வெட்டினார். உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. ஈரப் பஞ்சை நுழைத்துச் சுற்றித் துடைத்தார்.

“எப்பவும் துடைப்பீங்களா?”

“ரத்தத்தை அப்படியே விட்டா எந்த சர்ஜனுக்கும் கை ஓடாது மேடம்.”

அதே தமனியில் சுகிர்தாவும் ஒரு வளையம் வெட்டினார். துடைக்கவில்லை, உப்புக்கரைசலில் அலசினார், அவ்வளவுதான். இரண்டையும் கொக்கிகளில் மாட்டி, மருந்து கொடுத்துப் பாதி இறுக வைத்தார். பிறகு இரண்டுக்கும் ஒரே அளவு செரடோனின்.

இறுக்கத்தைக் காட்டும் திரையில் திருமேனியின் கோடு ஏறியது. சுகிர்தாவின் கோடு இறங்கியது.

திருமேனி மூன்றாவது வளையம் வெட்டினார். கை பஞ்சுவரை போய்த் திரும்பியது. அந்தக் கோடும் இறங்கியது.

பஞ்சை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். “இதுல ரத்தம் மட்டும்தானே இருக்கு?”

“முதல் வருஷம் படிச்ச, தமனியோட உட்படலமும் இருக்கு சார். ஒரே ஒரு செல் கனம், கண்ணுக்குத் தெரியாது. செரடோனின் அதைத் தொட்டா, தளரச் சொல்லி அது தசைக்குச் சேதி அனுப்பும். படலம் போயிடுச்சுன்னா செரடோனின் நேரா தசையைத் தொடும். தசை இறுகும்.”

திருமேனி கடிதத்தைக் கிழித்து, ரத்தப் பஞ்சு போடும் மஞ்சள் வாளியில் போட்டார். காகிதத்தை அதில் போடக்கூடாது என்பது விதி. சுகிர்தா சுட்டிக்காட்டவில்லை.

வாளியை மூடிவிட்டுத் திருமேனி கேட்டார்.

“அப்போ செரடோனினோட உண்மையான குணம்தான் என்ன மேடம்? இறுக்கறதா, தளர்த்தறதா?”

“அதைச் சொல்ல வேண்டிய ஆளைத்தான் முப்பது தடவை துடைச்சுட்டீங்களே சார்.”