பன்னிரண்டாம் நம்பருக்கு ஒரு தடை

"நான் ஒருத்தனைத்தான் அடைச்சேன் மேடம். எப்படி நாப்பது கம்ப்யூட்டரும் படுத்துச்சு?"

கேட்டவர் தொம்மைராஜ் அண்ணாச்சி. வயது ஐம்பத்திமூன்று. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில், நூலகத்திலிருந்து லேபுக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். அவருக்கு வேலை கற்றுத்தரும் குரு, பரிதா மேடத்துக்கு வயது முப்பது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தெரிந்தவர்தான் குரு.

லேபில் ஒரே கூச்சல். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. மணி நாலரை.

"என்ன எழுதினீங்க அண்ணாச்சி?"

"பன்னிரண்டாம் நம்பர்ல ஒருத்தன் நாள் பூரா படம் பாக்கான். எல்லாம் ப்ராக்ஸிங்கற வாசல் கம்ப்யூட்டர் வழியாத்தானே இன்டர்நெட்டுக்குப் போகுது? அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் விடாதேன்னு அதுல ஒரு வரி போட்டேன்."

காட்டினார்.

10.4.7.12/255.255.255.0

"பின்னாடி இருக்கறது எங்கேருந்து வந்துச்சு?"

"அந்தக் கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் போட்டிருக்கு. பாத்து எழுதினேன்."

மேடம் திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவர் ஒரு தாளில் 10.4.7.12 என்று எழுதி, 12-இன் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"255 போட்ட இடத்தை ப்ராக்ஸி பாக்கும். சைபர் போட்ட இடத்தைப் பாக்காது. இப்பச் சொல்லுங்க, இது எந்தக் கம்ப்யூட்டர்?"

"முன்னாடி இருக்கறது லேப்ல எல்லாத்துக்கும் ஒண்ணுதான். எதுவா வேணா இருக்கலாமே... ஐயையோ!"

சைபரை எடுத்துவிட்டு அங்கேயும் 255 போட்டார் அண்ணாச்சி. லேபில் கைதட்டல் கேட்டது. அவருக்கு அப்பாடா என்று இருந்தது.

ஒரு பெண் மட்டும் எழுந்து வந்தாள். முப்பிடாதி, முதல் வருடம். கண் கலங்கியிருந்தது.

"சார், எனக்கு மட்டும் இன்னும் நெட் வரல. இந்தப் பணம் கிடைக்கலன்னா அப்பா படிப்பை நிப்பாட்டிருவாங்க."

"எந்தக் கம்ப்யூட்டர்மா?"

"பன்னிரண்டு. வேற எதுவும் காலி இல்ல சார்."

அண்ணாச்சி மேடத்தைப் பார்த்தார்.

"இப்பச் சரியாத்தானே மேடம் எழுதியிருக்கேன்? ஒரே ஒரு கம்ப்யூட்டர்."

"ரொம்பச் சரி. படம் பாத்த பையன் எங்க?"

"அவன் நெட் நின்னதுமே எந்திரிச்சு ஊருக்குப் போயிட்டான்."

"அப்ப யாரை அடைச்சிருக்கீங்க?"

அண்ணாச்சிக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த வரியையே அழித்தார்.

"ஓடு தாயி," என்றார். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."