ஈட்டிக்கு முன்னால் பச்சை யானை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதஞ்சோலை நாட்டைக் கீர்த்திவளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நினைத்தது நினைத்ததுதான். யார் வந்து அழுதாலும், "எத்தனை பேர் இப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்பார். நிறையப் பேர் சொன்னால் அது மெய். கொஞ்சம் பேர் சொன்னால் பொய்.

அவருடைய மந்திரி மகுடதீபர் குயவர் தெருவின் ஆற்றுத்துறையை முள்வேலி போட்டு வளைத்துத் தமக்கு நந்தவனம் ஆக்கிக்கொண்டார். தெருப் பெண்கள் சுடுகாட்டைச் சுற்றிப் போய், வழுக்குப் பாறையில் இறங்கித் தண்ணீர் எடுத்தார்கள்.

அதே தெருவில் கீரை விற்கும் செம்பாயிக்கு அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பு. மருமகள் நிறைமாதக்காரி. நேற்றுதான் பாறையில் சறுக்கிக் குடத்தை உடைத்திருந்தாள். குடம் போகட்டும், நாளைக்கு என்ன உடையுமோ? செம்பாயி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லா வீட்டிலும் இதே அழுகை. பெண்களைத் திரட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். காவலர்கள் மற்றவர்களை வாசலில் நிறுத்தி, அவளை மட்டும் உள்ளே விட்டார்கள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் மகுடதீபர் சிரித்தார். "அரசே, அந்தத் தெரு முழுக்க நானே கேட்டேன். நந்தவனம் வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இவள் மருமகள் உட்பட!"

"கேட்டாயா?" என்றார் ராஜா. "நாளைப் பொழுது சாய்வதற்குள் அவர் சொல்வது பொய் என்று காட்டு. இல்லாவிட்டால் துறை என்றைக்கும் அவருக்கே."

செம்பாயிக்குத் தெரியும், மருமகள் அப்படிச் சொன்னது நிஜம்தான். "வாசல்ல ஈட்டிக்காரங்க நின்னாங்க அத்தை, வேற என்ன சொல்ல?" என்று அன்று அழுதாளே! அந்த நினைப்பிலேயே வழியும் பிறந்தது.

"மகாராஜா, மந்திரி ஐயாவே மறுபடி போகட்டும். அதே வீடுங்க, அதே ஈட்டிக்காரங்க. தன் கேள்வியோட என் கேள்வி ஒண்ணையும் கேட்கட்டும். நீங்களும் ஈட்டிக்காரர் வேஷத்துல பின்னாலயே வாங்க."

"என்ன கேள்வி?"

"பட்டத்து யானை பச்சை நிறந்தானேன்னு."

சபை குலுங்கியது. "கீரை விற்று விற்று இவளுக்கு எல்லாமே பச்சையாகத் தெரிகிறது!" என்றார் மகுடதீபர். ராஜாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "சரி, போவோம்" என்றார்.

செம்பாயி தெருவில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. சொல்லிக்கொடுத்தாள் என்று ஆகிவிடக் கூடாதே. இரவெல்லாம் ஒரே கவலை. யாராவது தைரியமாகக் கறுப்பு என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் காலை முதல் வீட்டுக்காரர், கையில் களிமண்ணோடு ஈட்டியைப் பார்த்தார். "நந்தவனம் ரொம்ப மகிழ்ச்சிங்க ஐயா. யானையா? பச்சைதானுங்க."

அடுத்த வீட்டுப் பொன்னாச்சி, "கிளிப்பச்சைங்க! போன திருவிழாவுல தொட்டேன், கையெல்லாம் ஒட்டிக்கிச்சு" என்றாள்.

கிழவர் ஒருவர் யோசித்துவிட்டு, "மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் பச்சை கூடும் ஐயா" என்றார்.

ஈட்டிக்காரர் வேஷத்தில் இருந்த ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகுடதீபரின் முகமோ வீட்டுக்கு வீடு சுருங்கியது. கடைசியில் செம்பாயியின் வீடு. ஒளிவுமறைவு தெரியாத மருமகள் வாயைத் திறந்தாள். அவள் ஈட்டியைப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள். "பச்சைங்க."

ராஜா செம்பாயியைத் தனியே கூப்பிட்டார். "அவர் கேட்டது வீண் என்று புரிகிறது. நீ வீடு வீடாகக் கேட்டது மட்டும் மெய் என்று எப்படி நம்புவது?"

"ஈட்டியைப் போட்டுட்டு என் கீரைக்கூடையைத் தூக்கிட்டு வாங்க. மகிழ்ச்சியா, வருத்தமான்னு நான் கேட்க மாட்டேன். காலையில தண்ணி எங்க எடுத்தீங்க, வழியில என்ன ஆச்சு? அவ்வளவுதான்."

ராஜா தலையில் துண்டைப் போட்டு, கண் மட்டும் தெரிய முகத்தை மறைத்துக்கொண்டு கூடை சுமந்தார். அதே வாசல்களில் இப்போது பேச்சு கொட்டியது. ஒருத்தி சிராய்த்த முழங்கையைக் காட்டினாள். ஒருத்தி வீங்கிய கணுக்காலைக் காட்டினாள். பொன்னாச்சி கூடைக்காரரையே பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, உனக்கே கண்ணு கலங்குதே, அந்த ராஜாவுக்குக் கண்ணே இல்லையா?"

கூடைக்காரர் துண்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பிற்பகலில் சபை கூடியது. "துறை தெருவுக்கே சொந்தம்" என்றார் ராஜா. "மகுடதீபரே, வேலியை உம் கையாலேயே பிடுங்கும். இனி எந்த ஆணைக்கும் முன்னால் செம்பாயியும் அவள் கூட்டாளிகளும் ஊரைக் கேட்டுவருவார்கள், அரண்மனைச் சம்பளத்தில். எல்லோருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம் அரசே!" என்று மண்டபமே அதிர்ந்தது.

ராஜா நிமிர்ந்து பார்த்தார். சுவரோரம் வரிசையாக ஈட்டிகள்.

"காவலர்களே, எல்லோரும் வெளியே போங்கள். ம், இப்போது சொல்லுங்கள்."

முதலில் யாரோ இருமினார்கள். பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள், ராஜா காதைப் பொத்திக்கொள்ளாத குறை!

அதைக் கேட்கச் செம்பாயி அங்கே இல்லை. மகுடதீபரை முன்னால் விட்டுக்கொண்டு துறைக்கு நடந்துவிட்டாள்.

"சீக்கிரம் பிடுங்குங்க ஐயா. என் மருமக குடத்தோட வந்துட்டிருக்கா."