வளையத்தோட நடு

"குருவே! ஜல்லிக் கரண்டி நம்ம கைய விட்டுப் போகப்போகுது!"

கத்திக்கிட்டே உள்ள வந்தாரு பொன்னுரங்கம். அம்பது வயசு. எவர்சில்வர் பட்டறை மொதலாளி.

அவரு குருன்னு கூப்பிட்டது சகாயராணிய. பட்டறை பிரஸ்ஸுக்கெல்லாம் டைங்கிற அச்சு செஞ்சு குடுக்கிறவங்க. வயசு முப்பதுதான். மொதல்ல கிண்டலாத்தான் கூப்பிட ஆரம்பிச்சாரு. அப்புறம் நாக்கு பழகிப்போச்சு!

"பாத்திரக்கடைக்காரரு சாயங்காலத்துக்குள்ள விலை கொறைக்கச் சொல்றாரு. இல்லன்னா ஆர்டர் வேற பட்டறைக்கு. தகடு விக்கிற விலையில நான் எங்கம்மா கொறைக்கிறது? கரண்டி ரூமை மூடிட்டா அந்த ஆறு பேரு எங்க போவாங்க?"

சகாயராணி அரத்தைக் கீழ வெச்சாங்க.

"வளைய ரூமுல ஸ்கிராப் தொட்டி ரொம்பிடுச்சு. வெளிய லாரி நிக்குது. கொண்டு போய்ப் போடுங்க."

"யாரு, நானா?"

"குருன்னு கூப்பிட்டது யாரு?"

"வழி சொல்லும்மான்னா வேலை சொல்றியே!"

"வழி மூணு தடவ சொன்னேன் மொதலாளி. மூணு தடவையும் உங்களுக்கு போன் வந்துச்சு."

போனை அணைச்சு அவங்க மேஜை மேல வெச்சாரு.

அடுப்பு வளையம் அடிக்கிறப்ப நடுவுலேருந்து விழுற வட்டத் தகடுங்க, தொட்டி நெறய. யம்மாடி, என்னா கனம்! தோள்ல ஏத்திக்கிட்டு வாசப்பக்கம் திரும்பினாரு.

"அப்படி இல்ல. கரண்டி ரூம் வழியா"ன்னாங்க பின்னாலயே வந்த சகாயராணி.

"அது சுத்து வழிம்மா!"

"சுத்துங்க."

சுத்தினாரு.

கரண்டி ரூமுல அங்குராசு, ரெண்டு புள்ளைங்களுக்கு அப்பன், புத்தம்புதுத் தகட்டுலேருந்து வட்டம் வட்டமா வெட்டிப் போட்டுக்கிட்டிருந்தான். மொதலாளி தொட்டி சொமந்துக்கிட்டு வர்றதப் பாத்து வாயப் பொத்திச் சிரிச்சான். இவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. கால் இடறிச்சு.

தொட்டியிலேருந்து ஒரு வட்டம் நழுவி, கடகடன்னு உருண்டு, அவன் காலடியில விழுந்துச்சு.

தான் வெட்டினதுல ஒண்ணுன்னு நெனச்சு எடுத்தான். உத்துக்கூடப் பாக்கல. பிரஸ்ஸுல வெச்சுப் பெடலை மிதிச்சான்.

டொம்!

குழிவா, பொத்தல் பொத்தலா, ஒரு ஜல்லிக் கரண்டித் தலை வந்து விழுந்துச்சு.

பொன்னுரங்கம் அப்படியே நின்னுட்டாரு.

"எறக்கி வைங்க மொதலாளி, தோள் வலிக்கும்"ன்னு பின்னாலேருந்து சகாயராணி கொரல்.

அவரு எறக்கல.

வெளிய லாரிக்காரன் ஆரன் அடிச்சான். "ஸ்கிராப் வருதா இல்லையா மொதலாளி?"

"எந்த ஸ்கிராப்பு?"ன்னாரு பொன்னுரங்கம், தொட்டிய ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டு.