கெட்ட நட்சத்திரத்தின் மேல் போட்ட வழக்கு

பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் வெண்மணற்பட்டணத்தை வன்னியராயன் என்றொரு ராஜா ஆண்டான். மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள். இங்கிலீஷ், பிரெஞ்சு, பாரசீக வியாபாரிகளும் அவன் சபையில் வந்து உட்காருவார்கள்.

ஒரு மாசியில் வானத்தில் வால்வெள்ளி தெரிந்தது. அதே வாரம் கழிமுகத்தில் அரசாங்கத் தோணி கவிழ்ந்து, சந்தைக்குப் போன சனமெல்லாம் செத்துப்போனது.

"யார் பொறுப்பு?" என்று ராஜா சபையில் கத்தினான்.

தோணித்துறை அதிகாரி கோனேரி எழுந்தான். பல பாஷை தெரியும் என்ற கர்வம் அவனுக்கு. மந்திரி மங்கைபாகர் மேல் பொறாமை வேறு. வானநூல் பார்க்கும் ஆதிச்சர் மந்திரியின் சிநேகிதர்.

"வால்வெள்ளிதான் பொறுப்பு, மகாராஜா! பேரழிவை இங்கிலீஷ்காரர் 'டிசாஸ்டர்' என்கிறார், பிரெஞ்சுக்காரர் 'தெசாஸ்த்ர்' என்கிறார். வேரைப் பார்த்தால் இரண்டும் கெட்ட நட்சத்திரம்தான். பாரசீகத்திலும் கெட்ட காலம் பிடித்தவனை 'பத்-அக்தர்', அதாவது கெட்ட நட்சத்திரக்காரன் என்றுதான் சொல்வார்கள். உலகமே சொல்கிறது! முன்கூட்டி எச்சரிக்காத ஆதிச்சரைத் தண்டியுங்கள்."

வியாபாரிகள் தலையாட்டினார்கள்.

"அவன் தலையை வாங்குங்கள்!" என்றான் ராஜா. சேவகர்கள் ஆதிச்சரைப் பிடித்துக்கொண்டார்கள்.

மங்கைபாகருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று காலைதான் கரையில் பிணங்களைத் தூக்கிக் கிடத்திவிட்டு வந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

"குற்றவாளியைப் பிடிக்க அடையாளம் வேண்டாமா, மகாராஜா? கோனேரியாரே, வால்வெள்ளிக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?"

"காமெட். பிரெஞ்சிலும் கொமேத். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். நீள முடிக்காரன் என்று பொருள்."

"பாரசீகத்தில்?"

"சிதாரே தும்பாலேதார். வாலுள்ள நட்சத்திரம்."

"நீள முடி, பின்னால் வால். சேவகர்களே, பிடியுங்கள் இவரை!"

கோனேரியின் குடுமி இடுப்புவரை தொங்கியது. தலைப்பாகையின் வால் தரையில் புரண்டது. சேவகர்கள் பிடித்தேவிட்டார்கள்.

"அநியாயம்! எவனோ எந்தக் காலத்திலோ வைத்த பெயரைக் கொண்டு என்னைக் குற்றவாளி ஆக்குவதா?"

"ஆக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது!"

"அப்படியானால் கெட்ட நட்சத்திரம் மட்டும் எப்படியடா சாட்சி ஆகும்? அதுவும் எவனோ வைத்த பெயர்தானே!"

மந்திரி மடியிலிருந்து கவிழ்ந்த தோணியின் பலகைத் துண்டை எடுத்து விரலால் அழுத்தினார். புட்டு மாதிரி உதிர்ந்தது.

"இதை உளுத்துப்போக விட்டது எந்த நட்சத்திரம்? அடிப்பலகை போச்சு என்று தோணிக்காரர்கள் வந்து அழுதார்களே, விரட்டி அடித்தாயே, பாவி! இல்லை என்று சொல், பார்க்கலாம்!"

கோனேரி தலை குனிந்தான்.

ராஜாவின் கண் சிவந்தது. "ஆதிச்சரை விடுங்கள். கோனேரி, உன் பதவி போயிற்று. இனி இந்தக் கழியில் எந்தத் தோணி கிளம்பினாலும் முதல் ஆளாக நீ ஏறி உட்கார வேண்டும்." மறுநாளே கோனேரி ஒவ்வொரு தோணியின் அடியிலும் படுத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தான்.

அன்று சபை கலையும்போது ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். "சபாஷ் மந்திரி! என்ன சாமர்த்தியம்!"

மங்கைபாகர் கை நீட்டவில்லை.

"சாமர்த்தியம் இல்லை, கோபம். தாங்களும் விசாரிக்காமல் ஒரு தலையை வாங்கப் பார்த்தீர்கள். வாருங்கள், செத்தவர்கள் வீட்டுக்குப் போவோம். அவர்கள் முகத்தைப் பார்த்து யார் பொறுப்பு என்று சொல்லுங்கள்."

ராஜா செருப்புகூடப் போடாமல் மந்திரிக்குப் பின்னால் நடந்தான்.