மரநாயிடம் யாரும் கேட்கவில்லை

காட்டோரத்தில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. அதன் கூரைக்குள் சாம்பி என்ற மரநாய் குடியேறியிருந்தாள். சுவரும் ஓடும் சேருமிடத்தில் இருந்த ஓட்டைதான் அவளுக்கு வாசல். பகலெல்லாம் உள்ளே உறங்குவாள். பொழுது சாய்ந்ததும் இரை தேடிப் போவாள்.

அந்த வீட்டுப் பூனை பட்டுவுக்கு இது பிடிக்கவே இல்லை.

"தலைக்கு மேலே தடதடன்னு ஒரே சத்தம்! என் தூக்கமே போச்சு!" என்று அவள் வீட்டு நாய் ராசுவிடம் புலம்பினாள்.

இரண்டு நாளாக ராசுவின் காதில் வேறொரு சத்தமும் விழுந்துகொண்டிருந்தது. மெல்லிய 'கீச் கீச்' சத்தம். அது என்னவாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பட்டு நேராகக் குரங்குத் தலைவர் நீட்டுவாலரிடம் போய்ச் சாம்பியைப் பற்றி முறையிட்டாள். நீட்டுவாலருக்கு உதவி செய்வதென்றால் உயிர். போன மழையில், குளத்தில் 'தத்தளித்த' ஆமையைத் தூக்கி மாமரக் கிளையில் வைத்தவர் அவர்தான். ஆமை மூன்று நாள் அங்கேயே தவித்தது.

வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது.

"நம்ம சாம்பி காட்டுல பிறந்தவ. வீட்டுக் கூரையில கிடந்து அவதிப்படுறா! நாம உதவ வேண்டாமா?" என்று நீட்டுவாலர் முழங்கினார்.

"வேணும்! வேணும்!" என்று குரங்குகள் குதித்தன.

"அண்ணே..." என்று ராசு மெதுவாக எழுந்தான். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நீ வீட்டு வாசல்ல கிடக்கிறவன். காட்டைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? உட்காரு!" என்று நீட்டுவாலர் அதட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். ராசு வாலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கீச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

அன்று மாலை சாம்பி வெளியே போனதும் குரங்குகள் கூரையேறின. ஓட்டையில் செங்கல்லைச் செருகின. உடைந்த ஓட்டுத் துண்டுகளை வைத்துச் சேற்றைக் குழைத்து அப்பின. ராசு கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்தது. திரும்பி வந்த சாம்பியை வேலியருகே நீட்டுவாலர் மறித்தார்.

"வா தங்கச்சி! உனக்கு விடுதலை! அதோ புளியமரம். அதுதான் இனி உன் வீடு!"

"பொந்தே இல்லாத மரத்துல எப்படிக் குடியிருப்பேன்? வழியை விடுங்க. பிள்ளைங்க பசியோட இருக்கும்."

"பிள்ளைங்களா?"

"ரெண்டு குட்டி! இன்னும் கண்ணே திறக்கல!"

குரங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சாம்பி கூரைக்குப் பாய்ந்தாள். சேறு இறுகியிருந்தது. பிறாண்டினாள். செங்கல் அசையவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

"திறங்க! வெயில் ஏறினா ஓடு கொதிக்கும். உள்ளேயே வெந்து செத்துடும்!"

"எடுத்த முடிவை உடனே மாத்த முடியாது. சாயங்காலம் கூட்டத்தைக் கூட்டிப் பேசுவோம்" என்றார் நீட்டுவாலர்.

"கொஞ்சமாவது நன்றி இருக்கா பாரு!" என்றாள் பட்டு.

"நன்றியா?" சாம்பி திரும்பினாள். "நான் பிறந்த இலுப்பை மரத்தை வெட்டினப்போ வயித்துல பிள்ளையோட ஒவ்வொரு மரமா அலைஞ்சேன். அப்போ எங்கே போச்சு உங்க உதவி?"

ராசு துள்ளி எழுந்தான். நேற்றே சொல்லியிருந்தால்! அவன் வீட்டு வாசலுக்கு ஓடினான். குரைத்தான். தொண்டை கட்டும்வரை குரைத்தான்.

வீட்டுக்காரி பவுனு கதவைத் திறந்தாள். "எதுக்குடா இப்படிக் கத்துற?"

ராசு அவள் சேலையைக் கவ்வி இழுத்தான். பவுனு வந்து நிமிர்ந்து பார்த்தாள். அடைத்த ஓட்டை. அதைப் பிறாண்டும் மரநாய். சேற்றில் ரத்தம். அவள் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். கீச்... கீச்...

"அடிப்பாவி, நீ பிள்ளைக்காரியா!"

ஏணியைச் சாத்தி ஏறினாள். கம்பியால் நெம்பிச் செங்கல்லைப் பெயர்த்தாள். உடனே இறங்கி, ஏணியையும் எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள். சாம்பி உள்ளே பாய்ந்தாள். சற்று நேரத்தில் கீச் சத்தம் அடங்கியது. குட்டிகள் பால் குடித்தன.

மூன்று வாரம் அந்த ஓட்டையை யாரும் தொடவில்லை. அதற்குள் பவுனு ஒரு மரப்பெட்டிக்கு வாசல் வெட்டி, பலா மரத்தில் உயரமாகக் கட்டினாள்.

"இது பிடிச்சிருக்கா பாரு. இல்லேன்னா வேற மரத்துல கட்டுறேன்" என்றாள் கூரையைப் பார்த்து.

சாம்பி நான்கு நாள் பெட்டியை மோந்து பார்த்தாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள். ஐந்தாம் நாள் மாலை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பவுனு கூரைக்கடியில் இருந்த மச்சுப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே ஓசை இல்லை. அதன் பிறகுதான் ஓட்டையை அடைத்தாள்.

மறுநாள் நீட்டுவாலர் பலா மரத்தடியில் மார்தட்டினார். "பார்த்தீங்களா! நம்ம உதவியால சாம்பிக்குப் புது வீடு!"

இம்முறை ராசு உட்காரவில்லை.

"நிறுத்துங்க அண்ணே! சாம்பி பேசுறது உங்களுக்கு நல்லாப் புரியும். நீங்க கேக்கல. பவுனு அம்மாவுக்கு அவ பேச்சுல ஒண்ணுகூடப் புரியாது. ஆனா காதை வச்சுக் கேட்டாங்க! தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, என் மேலயும் தப்புத்தான். ஆனா இனிமே மூட மாட்டேன்!"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நீட்டுவாலர் பேச்சை மாற்ற அக்கம்பக்கம் பார்த்தார். குளக்கரையில் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ பாவம், அந்த ஆமை..." என்று அவர் ஆரம்பித்தார்.

தொப்பென்று ஆமை குளத்துக்குள் குதித்துவிட்டது.

யாருக்கு உதவப் போகிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்யும் உதவி, உதவியல்ல, அக்கிரமம்.