ஆறு கால் ஆடு

மரகதவல்லி டீச்சருக்கு வயசு ஐம்பத்திரண்டு. அவருக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த யாகூப் மாஸ்டருக்கோ முப்பதுகூட ஆகவில்லை. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று டீச்சர் ஞாயிறுதோறும் போய்வந்தார். அந்த ஞாயிறு மட்டும் முகம் செத்துக் கிடந்தது.

"மாஸ்டர், மூணாம் வகுப்பு இசக்கி இனிமே வரையவே மாட்டா போலிருக்கு. நான்தான் காரணம்."

பையிலிருந்து ஒரு பென்சில் படத்தை எடுத்தார். நான்கு கால் ஆடு அம்சமாக நின்றது. மூலையில் முதல் பரிசு முத்திரை.

"நல்லாத்தானே இருக்கு?"

"அவ வரைஞ்ச ஆட்டுக்கு ஆறு காலு. ஏன்டின்னு கேட்டேன். 'அது ஓடுதுல்லா டீச்சர்'ன்னா. போட்டிக்குப் போற படமாச்சேன்னு கொஞ்சம் திருத்தினேன்."

கொஞ்சமாம்! காலைத் திருத்தினால் உடம்பு இடித்தது. உடம்பைத் திருத்தினால் தலை இடித்தது. போட்டி என்று வந்துவிட்டால் எந்த டீச்சர்தான் இதைச் செய்யவில்லை?

"மேடையில பரிசை வாங்க மாட்டேன்னுட்டா மாஸ்டர். 'அது டீச்சர் வரைஞ்சது'ன்னா. மூணு மாசமாச்சு. தாள் கொடுத்தா என்கிட்டயே திருப்பி நீட்டுறா. 'நீங்களே வரைங்க டீச்சர்'ங்கிறா. அவளை எப்படித் திரும்ப வரைய வைக்கிறது?"

மாஸ்டர் ஒரு ரப்பரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதுல நீங்க வரைஞ்சதை மட்டும் அழிங்க."

கொம்பு போனது. தலை போனது. வயிறு, கால்கள் எல்லாம் போயின. கடைசியில் முத்திரைதான் மிஞ்சியது. பிள்ளை போட்ட கோடு ஒன்றாவது இருக்க வேண்டாமா? ஐயோ, ஒன்றுகூட இல்லையே!

மாஸ்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். டீச்சரின் கை லேசு. இசக்கி அழுத்தி வரைகிறவள். அவள் பென்சில் போன தடம் தாளில் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஆறு கால்களும் இருந்தன.

"இருக்கு மாஸ்டர், இருக்கு!"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆறு கால் ஆட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பிள்ளை சிரித்துவிடும். சட்டென்று பென்சிலை எடுத்தார். தடம் பிசகாமல் முதல் காலின் மேல் மெதுவாகக் கோடு இழுத்தார். பிறகு இரண்டாவது கால்.

மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது காலும் முடிந்தது.

"டீச்சர், இப்பவும் பென்சில் உங்க கையிலதான் இருக்கு."